ஸ்பஷ்டம் – ஓர் ஆங்கில வார்த்தையின் பூர்வீகம்

(திருவனந்தபுரம் சாலையில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஒரே ஒரு ஆங்கில வார்த்தையைப் பற்றிப் பேசப் போகிறேன். அந்த வார்த்தை 'பெர்ஸ்பிக்யுவஸ்'. இதற்கு 'தெளிவான' என்று அர்த்தம். தெளிவு என்பதைச் சொல்லும் வார்த்தையே இவ்வளவு கரடுமுரடாக இருக்கிறதே என்று நீங்கள் சிரிக்கலாம். நான் வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுத்த காலத்தில் பையன்களும் அப்படித்தான் சிரித்தார்கள். ஆனால் இந்த வார்த்தையின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், அது நம் ஆத்து வாசல்படி வரை வந்து நிற்கிறது. நாம் கூடியிருக்கும் இந்தச் சாலைக் கம்போளத்துக்கும் அதற்கும்கூட ஒரு உறவு இருக்கிறது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் அர்த்தத்தைச் சரியாக வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் இதற்கு ஒரு இரட்டைப் பிறவி உண்டு: 'பெர்ஸ்பிகேஷியஸ்'. இரண்டையும் மாற்றிப் போட்டு எழுதுகிறவர்கள் படித்தவர்களிலேயே நிறைய பேர். வித்தியாசம் எளிதானது. ஒரு விஷயத்தின் உள்ளே புகுந்து பார்க்கத் தெரிந்த மனிதர் 'பெர்ஸ்பிகேஷியஸ்'. கூர்மையான பார்வை உடையவர். உள்ளே இருப்பது வெளியே தெரியும்படி அமைந்த பேச்சோ எழுத்தோ 'பெர்ஸ்பிக்யுவஸ்'. முன்னது பார்ப்பவரின் குணம். பின்னது பார்க்கப்படும் பொருளின் குணம். ஒரு வக்கீல் பெர்ஸ்பிகேஷியஸாக இருக்கலாம். அவர் எழுதிய நோட்டீஸ் பெர்ஸ்பிக்யுவஸாக இல்லாமலும் போகலாம். தனக்குப் புரிவது வேறு, பிறருக்குப் புரிய வைப்பது வேறு. இந்த இடைவெளிதான் இன்றைய பேச்சின் சாரம்.

இது லத்தீனிலிருந்து வந்த வார்த்தை. 'பெர்' என்றால் ஊடாக. 'ஸ்பெகெரே' என்றால் பார்த்தல். இரண்டும் சேர்ந்தால் 'ஊடுருவிப் பார்க்கக்கூடிய' என்று ஆகிறது. கண்ணாடியையும் தண்ணீரையும் சொல்வதற்கு உரிய வார்த்தை பிறகு பேச்சுக்கும் எழுத்துக்கும் வந்தது. அதாவது நல்ல வாக்கியம் ஜன்னல் கண்ணாடி மாதிரி. கண்ணாடி சுத்தமாக இருந்தால் அது கண்ணில் படாது. அந்தப் பக்கம் இருக்கும் தென்னைமரம்தான் தெரியும். கண்ணாடியே கண்ணில் படுகிறது என்றால் அதில் அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த 'ஸ்பெக்' என்ற தாதுவின் குடும்பம் மிகப் பெரியது. மூக்குக்கண்ணாடிக்கு 'ஸ்பெக்டகிள்ஸ்' என்கிறோம். பள்ளிக்கூடத்துக்கு 'இன்ஸ்பெக்டர்' வருகிறார், உள்ளே பார்ப்பவர். 'சஸ்பெக்ட்' என்றால் கீழ்க்கண்ணால் பார்ப்பது, அதனால் சந்தேகம். 'ரெஸ்பெக்ட்' என்றால் திரும்பிப் பார்ப்பது, அதனால் மரியாதை. கிரேக்க மொழியில் இதே தாது எழுத்து இடம் மாறி 'ஸ்கெப்', 'ஸ்கோப்' என்று ஆயிற்று. டெலஸ்கோப், மைக்ராஸ்கோப் எல்லாம் அந்த வழி. ஒற்றன் என்ற அர்த்தமுள்ள 'ஸ்பை'யும் இந்தக் குடும்பம்தான்.

இப்போது நம் பக்கம் வருவோம். குழந்தை மழலையாகப் பேசினால் பாட்டி என்ன சொல்வாள்? "ஸ்பஷ்டமா சொல்லுடா கண்ணா" என்பாள். வேத பாடசாலையில் வாத்தியார், "அட்சரம் ஸ்பஷ்டமா இருக்கணும்" என்பார். அந்த 'ஸ்பஷ்டம்' எங்கிருந்து வந்தது? 'ஸ்பச்' என்ற ஸம்ஸ்கிருதத் தாதுவிலிருந்து. அதற்கும் அர்த்தம் பார்த்தல்தான். 'பச்யதி', அதாவது பார்க்கிறான் என்பதும் அதே வழிதான். முன்னால் இருந்த 'ஸ்' மட்டும் உதிர்ந்துவிட்டது. லத்தீனின் 'ஸ்பெக்'கும் நம்முடைய 'ஸ்பச்'சும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்த இரண்டு கிளைகள் என்பது மொழியியலில் நன்றாக நிறுவப்பட்ட விஷயம். ஆக, பாட்டி சொன்ன ஸ்பஷ்டமும் ஆங்கிலப் புத்தகத்தில் வரும் பெர்ஸ்பிக்யுவஸும் தாயாதிகள். பாட்டி ஆங்கிலப் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்திருக்க மாட்டாள். ஆனாலும் வார்த்தை அவளிடம் இருந்தது.

அந்த ஒற்றன் சமாசாரமும் நம்மிடம் உண்டு. ரிக்வேதத்தில் எல்லாவற்றையும் கண்காணிக்கும் வருணனுக்குக் காவல் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு 'ஸ்பச' என்றே பெயர். பதஞ்சலி மகாபாஷ்யத்தின் முதல் ஆஹ்னிகத்துக்குப் 'பஸ்பசா' என்று பெயர். மாகன் தன் சிசுபால வதத்தின் இரண்டாவது சர்க்கத்தில் இதை வைத்து அழகாகச் சிலேடை செய்கிறான். பஸ்பசா இல்லாத வியாகரணம் எப்படிச் சோபிக்காதோ, அப்படியே ஸ்பசன், அதாவது ஒற்றன், இல்லாத ராஜநீதியும் சோபிக்காது என்கிறான். பார்வை இல்லாத இடத்தில் அரசும் நிற்காது, மொழியும் நிற்காது என்று நாம் எடுத்துக்கொள்ளலாம்.

பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. கிரக கணிதத்தில் 'மத்யமம்' என்றும் 'ஸ்பஷ்டம்' என்றும் இரண்டு உண்டு. கிரகம் ஒரே சீரான வேகத்தில் போவதாக வைத்துப் போடும் கணக்கு மத்யமம். அதைத் திருத்தி, ஆகாயத்தில் கிரகம் உண்மையில் எங்கே தெரிகிறதோ அந்த இடத்துக்குக் கொண்டு வருவது ஸ்பஷ்டம். சூரிய சித்தாந்தத்தின் இரண்டாவது அத்தியாயத்துக்கே ஸ்பஷ்டாதிகாரம் என்றுதான் பெயர். கணக்கு சரியாக வந்தால் மட்டும் போதாது. கண்ணுக்கும் ஒத்து வர வேண்டும். பேச்சுக்கும் இந்த விதி பொருந்தும். இலக்கணப்படி சரியான வாக்கியம் மத்யமம். கேட்பவருக்கு விஷயம் தெரிந்துவிட்டால் ஸ்பஷ்டம்.

சரி, சாலைக் கம்போளத்துக்கும் இதற்கும் என்ன உறவு?

இந்த அங்காடி, தர்மராஜா என்று பெயர் பெற்ற கார்த்திகைத் திருநாள் மகாராஜா காலத்தில் (1758–1798), திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கியது. கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை போகும் இந்தத் தெருவில் நடந்து பாருங்கள். சுக்கு, மிளகு, ஏலம், கிராம்பு, சீரகம் எல்லாம் சேர்ந்த வாசனை மூக்கைத் துளைக்கும். இவற்றுக்கெல்லாம் ஆங்கிலத்தில் பொதுப்பெயர் 'ஸ்பைஸ்'. இந்த 'ஸ்பைஸ்' என்ற வார்த்தையும் அதே 'ஸ்பெக்' தாதுவில் பிறந்ததுதான்!

எப்படி என்றால், லத்தீனில் 'ஸ்பெகியேஸ்' என்றால் முதலில் தோற்றம், பார்வைக்குத் தெரியும் உருவம். பிறகு உருவத்தால் பிரித்தறியும் இனம், வகை என்று ஆயிற்று. விஞ்ஞானத்தில் 'ஸ்பீஷீஸ்' என்று சொல்கிறோமே, அது இது. பிற்கால லத்தீனில் வியாபாரிகள் 'பல வகைச் சரக்குகள்' என்ற அர்த்தத்தில் அதை ஆண்டார்கள். சரக்குகளில் விலை உயர்ந்தவை கிழக்கேயிருந்து போன வாசனைப் பொருள்களும் மருந்துப் பொருள்களும். கடைசியில் பெயர் அவற்றுக்கே நிலைத்துவிட்டது. பழைய பிரெஞ்சில் 'எஸ்பிஸ்' ஆகி, ஆங்கிலத்தில் 'ஸ்பைஸ்' ஆயிற்று.

நம் ஊரில் என்ன சொல்கிறோம்? 'பலசரக்குக் கடை'. பல வகைச் சரக்கு என்ற அதே எண்ணம்தான்! சித்த வைத்தியத்திலும் சுக்கு மிளகு திப்பிலியைக் 'கடைச்சரக்கு' என்பார்கள். ரோமானியனும் நம் செட்டியாரும் கலந்து பேசிக்கொள்ளவில்லை. ஆனாலும் இரண்டு பேருக்கும் ஒரே யோசனை தோன்றியிருக்கிறது.

இதே கம்போளம் தெளிவைப் பற்றி ஒரு நல்ல பாடமும் நடத்துகிறது. மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ புதிதாக வந்த ஒருவர் இங்கே கடையில் போய் "மிளகு கால் கிலோ" என்று கேட்டால், கடைக்காரர் மிளகாய் வற்றலை நிறுத்துப் போட்டுவிடக் கூடும். மலையாளத்தில் 'முளகு' என்றால் மிளகாய். நாம் சொல்லும் மிளகு அவர்களுக்குக் 'குருமுளகு'. திருவனந்தபுரம் பக்கத்தில் 'நல்லமுளகு'. நாஞ்சில் நாட்டிலும் 'நல்லமிளகு' என்பார்கள். வாங்கியவரும் சரியாகத்தான் கேட்டார். விற்றவரும் சரியாகத்தான் கொடுத்தார். அன்றைக்கு ஆத்தில் மிளகு ரசம் மட்டும் சரியாக வராது.

இது யாருடைய தப்பும் இல்லை. மிளகு இந்த மண்ணிலேயே விளைந்தது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்த விருந்தாளி. தமிழர் புதியவனுக்கு 'மிளகாய்' என்று ஒரு வால் சேர்த்தார்கள். மலையாளிகள் பழைய பெயரைப் புதியவனுக்குக் கொடுத்துவிட்டு, பழையவனுக்குக் 'குரு' என்றும் 'நல்ல' என்றும் அடைமொழி போட்டார்கள். இங்கிலீஷ்காரன் நிலைமை இன்னும் மோசம். அவனுடைய 'பெப்பர்' நம்முடைய 'பிப்பலி'யிலிருந்து, அதாவது திப்பிலியிலிருந்து, கிரேக்கம், லத்தீன் வழியாகப் போனது. திப்பிலியின் பெயரை மிளகுக்கு வைத்தார்கள். மிளகைத் தேடிக் கிளம்பிய கொலம்பஸ் 1492-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பெயர் மிளகாய்க்கும் குடைமிளகாய்க்கும் போயிற்று. வெளிநாட்டில் இருக்கும் நம் அங்கத்தினர்கள் கடையில் 'பெப்பர்' என்று கேட்டால் 'எந்த பெப்பர்?' என்று திருப்பிக் கேட்பது இதனால்தான்.

ஏன், நாம் இருக்கும் இடத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். "சாலைக்குப் போய்விட்டு வருகிறேன்" என்று ஃபோனில் சொன்னால், தஞ்சாவூரில் இருக்கும் மைத்துனர் "எந்தச் சாலைக்கு?" என்று கேட்கிறார். நமக்கு அது கடைத்தெரு, அவருக்கு அது ரோடு.

இதிலிருந்து என்ன தெரிகிறது? தெளிவு என்பது வார்த்தைக்குள் மட்டும் இருப்பதில்லை. சொல்பவர், கேட்பவர் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிறது. கேட்பவர் யார் என்று யோசிக்காமல் தெளிவாகப் பேச முடியாது. பல ஊர்களில், பல தேசங்களில் இருக்கும் நமக்கு இது முக்கியம். ஒரே குடும்பத்தில் தாத்தா திருவனந்தபுரம் தமிழ் பேசுகிறார். மருமகள் கும்பகோணத்துத் தமிழ் பேசுகிறாள். பேரன் நியூஜெர்சியில் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். மூன்று பேரும் நல்லவர்கள். மூன்று பேரும் 'முளகு' கேட்டு 'மிளகாய்' வாங்கிக்கொண்டு போகக் கூடாது அல்லவா?

ஆங்கிலத்தில் தெளிவுக்கு வேறு வார்த்தைகளும் உண்டு. அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு இந்திரியத்தைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கின்றன. 'கிளியர்', 'கிளாரிட்டி' என்பவை லத்தீன் 'கிளாருஸ்' என்ற வார்த்தையிலிருந்து வந்தவை. அது ஆதியில் காதுக்கு உரியது. கூப்பிடுதல், உரக்கச் சொல்லுதல் என்ற தாதுவோடு சேர்ந்தது. ரோமில் மாதப் பிறப்பை உரக்கக் கூவி அறிவிப்பார்கள். அந்தத் தாதுவிலிருந்துதான் 'காலண்டர்' வந்தது. 'லூசிட்' என்பது ஒளியைச் சேர்ந்தது. அதன் தாதுவுக்கு ஸம்ஸ்கிருத உறவு 'ருச்', பிரகாசித்தல். அதிலிருந்துதான் 'ருசி' வந்தது. ருசி என்றால் முதலில் ஒளி, பிறகு மனசுக்குப் பிடித்தது, கடைசியில் நாக்குக்குப் பிடித்தது. ஆக கிளியர் காதால், லூசிட் வெளிச்சத்தால், பெர்ஸ்பிக்யுவஸ் கண்ணால் வந்தவை.

தமிழ் எதைப் பிடித்துக்கொண்டது? தண்ணீரை. தெளிதல் என்றால் கலங்கிய நீரில் மண் அடியில் தங்கி மேலே நீர் சுத்தமாவது. நம் ஆத்துச் சமையலறையில் இந்த வார்த்தை இன்னமும் முதல் அர்த்தத்திலேயே உயிரோடு இருக்கிறது. "அவனுக்கு உடம்பு சரியில்லை, ரசம் தெளிவா விடு" என்கிறோம். மண்டி கீழே, தெளிவு மேலே. முன்பு கிணற்றுத் தண்ணீர் கலங்கலாக இருந்தால் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உள்பக்கம் இழைத்துவிடுவார்கள். சற்று நேரத்தில் நீர் தெளிந்துவிடும். தெளிவு, தேறுதல், தேற்றுதல் எல்லாம் ஒரே குடும்பத்து வார்த்தைகள். துக்கத்தில் இருப்பவரைத் தேற்றுகிறோம். கலங்கிய மனசு தெளிய வேண்டும் என்பதற்காக. அந்தக் கொட்டைக்கு ஸம்ஸ்கிருதத்தில் 'கதகம்' என்று பெயர். ஆத்மபோதத்தில் ஞானத்துக்கு அதுவே உவமையாக வருகிறது. மனுஸ்மிருதியும் அதைச் சொல்கிறது: கதகத்தின் பெயரைச் சொன்னதாலேயே தண்ணீர் தெளிந்துவிடாதாம். 'தெளிவாகச் சொல்கிறேன்' என்று ஆரம்பித்துவிட்டுக் குழப்புகிறவர்களுக்கு இது நல்ல பதில்.

மலையாளத்தில் இதே 'தெளிவு' கோர்ட்டுக்குப் போய்விட்டது. அங்கே தெளிவு என்றால் சாட்சியம், ஆதாரம். இதுவும் நியாயம்தான். ஆங்கிலத்திலும் 'எவிடென்ட்' என்றால் தெளிவானது, 'எவிடென்ஸ்' என்றால் சாட்சியம். தெளிவாகத் தெரிந்தால்தானே அது ஆதாரம்!

இந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வலியசாலை இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் வரும் காந்தளூர்ச்சாலை அங்கேதான் இருந்தது என்பது பல ஆராய்ச்சியாளர்களின் கருத்து. விழிஞ்ஞம் பக்கம் என்று சொல்பவர்களும் உண்டு. சாலை என்றால் அங்கே கல்விக்கூடம். கி.பி. 866-ல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், ஒரு கோயிலும் 95 மாணவர்களுக்கு ஒரு சாலையும் ஏற்படுத்தினான். அந்தச் செப்பேட்டில் காந்தளூரில் உள்ள முறைப்படி இது நடக்க வேண்டும் என்று இருக்கிறது. சேருகிற மாணவனுக்கு வியாகரணம் முதலியவற்றில் பயிற்சி இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது.

வியாகரணம் எதற்கு? பதஞ்சலி அந்தப் பஸ்பசாவிலேயே ஐந்து பிரயோஜனங்கள் சொல்கிறார்: ரட்சை, ஊகம், ஆகமம், லகு, அஸந்தேகம். கடைசியாக வருவது அஸந்தேகம், அதாவது சந்தேகம் இல்லாமை. அதற்கு அவர் தரும் உதாரணம் அற்புதமானது. யாகத்தில் 'ஸ்தூலப்ருஷதீ'யான பசு வேண்டும் என்று விதி. அது பருத்த, புள்ளிகள் உள்ள பசுவா? அல்லது பெரிய பெரிய புள்ளிகள் உள்ள பசுவா? எழுத்து ஒன்றுதான். ஸ்வரம் எங்கே விழுகிறது என்று அறிந்தவன் உடனே சொல்லிவிடுவான். முதல் பதம் தன் ஸ்வரத்தை விடாமல் இருந்தால் பெரிய புள்ளிகள் உள்ள பசு. கடைசியில் உதாத்தம் விழுந்தால் பருத்த புள்ளிப் பசு. அட்சரமும் ஸ்வரமும் ஸ்பஷ்டமாக இருக்க வேண்டும் என்று வாத்தியார் படுத்தி எடுத்ததன் காரணம் இதுதான்.

அதே காந்தளூர்ச்சாலையே ஒரு புதிராகவும் ஆகிவிட்டது. 985-ல் முடிசூடிய ராஜராஜ சோழன், தான் காந்தளூர்ச்சாலையில் 'கலம் அறுத்ததாக'ப் பெருமையோடு கல்லில் வெட்டி வைத்தான். கலம் என்றால் கப்பல், பாத்திரம், உண்கலம், ஆவணம் என்று பல அர்த்தங்கள். கப்பல்களை அழித்தான் என்கிறார்கள் ஒரு சாரார். இல்லை, அங்கே நடந்த ஊட்டுப்புரையின் உண்கலங்களைப் பற்றிய ஏற்பாடு என்கிறார்கள் இன்னொரு சாரார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதற்காகவே ஒரு ஆராய்ச்சி எழுதினார். ராஜராஜன் காலத்தில் அதைப் படித்தவர்களுக்குச் சந்தேகமே வந்திருக்காது. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று சுருக்கமாக வெட்டிவிட்டார்கள். ஆயிரம் வருஷம் கழித்து நாம் விவாதம் செய்கிறோம். கல் அழியவில்லை, அர்த்தம் மங்கிவிட்டது.

ராஜாக்களுக்குப் பரவாயில்லை, சரித்திரக்காரர்கள் இருக்கிறார்கள். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பெயரும் ஊரும் வேண்டாம். பெரியவர் தன் கையாலேயே நல்ல தமிழில் உயில் எழுதி வைத்தார். மூத்தவன் அவருக்கு முன்பே காலமாகிவிட்டான். அவனுக்கு மூன்று குழந்தைகள். பிறகு ஒரே பெண். உயிலில் இருந்த வாக்கியம் இது: வீட்டை விற்று வரும் பணத்தை என் பெண்ணுக்கும் என் பிள்ளையின் குழந்தைகளுக்கும் சமமாகக் கொடுக்க வேண்டியது.

கேட்கும்போது தெளிவாகத்தானே இருக்கிறது? கணக்குப் போட்டுப் பாருங்கள். பெண்ணுக்குப் பாதி, பிள்ளையின் வழிக்குப் பாதி. அந்தப் பாதியை மூன்று குழந்தைகளும் பிரித்துக்கொள்ள, ஆளுக்கு ஆறில் ஒன்று. இது ஒரு அர்த்தம். நான்கு பேருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. இது இன்னொரு அர்த்தம். 'சமமாக' என்ற வார்த்தை இரண்டுக்கும் பொருந்துகிறது. வக்கீல்கள் இதற்கு லத்தீனில் 'பெர் ஸ்டிர்பீஸ்' என்றும் 'பெர் கேபிடா' என்றும் சொல்வார்கள். தமிழில் கிளைக்கணக்கு, தலைக்கணக்கு என்று சொல்லலாம். பெரியவர் இந்த இரண்டில் ஒன்றை எழுதியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அல்லது 'பெண்ணுக்குப் பாதி' என்று இரண்டே வார்த்தை. எழுதவில்லை. அவர் மனசில் அது அவ்வளவு தெளிவாக இருந்திருக்கிறது. சந்தேகம் வரும் என்று தோன்றவே இல்லை.

அத்தையும் மருமான்களும் மூன்று வருஷம் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் ஒரு கல்யாணம், ஒரு சீமந்தம். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகவில்லை. பிறகு பெரியவர்கள் உட்கார்ந்து பேசி ஒரு வழிக்குக் கொண்டு வந்தார்கள். அப்போது அந்த அத்தை சொன்னது என் மனசை விட்டுப் போகவில்லை. "பணம் எப்படியானாலும் போறது. அப்பா எங்களுக்கு என்ன நினைச்சார்னு தெரியாமலே போயிடுத்தே" என்றார். தெளிவில்லாத வாக்கியம் பறித்துக்கொண்டது பங்கை அல்ல, அப்பாவின் மனசை.

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் பேச்சுக்கலை கற்றுக்கொடுத்த க்வின்டிலியன் என்பவர் பெரிய நூல் ஒன்று எழுதினார். அதன் எட்டாவது புத்தகத்தில், நடைக்கு முதல் குணம் 'பெர்ஸ்பிகுயிதாஸ்', அதாவது நம் வார்த்தைதான் என்கிறார். கேட்பவருக்குப் புரியும்படி பேசினால் போதாது. தப்பாகப் புரிந்துகொள்ள வழியே இல்லாதபடி பேச வேண்டும் என்பது அவர் கொள்கை. நம் பவணந்தி முனிவரும் நன்னூலில் நூலுக்குரிய பத்து அழகுகளில் சுருங்கச் சொல்லலுக்கு அடுத்தபடியாக 'விளங்க வைத்தல்' என்பதை வைத்தார். பத்துக் குற்றங்களில் 'மயங்க வைத்தல்' என்பதைச் சேர்த்தார். தண்டியலங்காரம் சொல்லும் பத்துக் குணங்களில் 'தெளிவு' உண்டு. ஸம்ஸ்கிருதத்தில் அதற்குப் 'பிரசாதம்' என்று பெயர். கோயிலில் கையில் வாங்கிக்கொள்கிறோமே, அதே வார்த்தை. கலக்கமில்லாமை, தெளிந்த முகம், அதனால் அனுக்கிரகம். தெளிவாகப் பேசுவது கேட்பவருக்கு நாம் கொடுக்கும் பிரசாதம் என்று நான் வைத்துக்கொள்கிறேன்.

இதிலிருந்து நாம் நடைமுறையில் செய்யக்கூடியது சில உண்டு. உயிலோ, பாகப் பத்திரமோ, சங்கத் தீர்மானமோ எழுதினால், எழுதியவருக்கு விஷயம் முன்பே தெரியும். ஆகையால் அவர் படித்துப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, "இதிலிருந்து உனக்கு என்ன புரிகிறது, உன் வார்த்தையில் சொல்" என்று கேளுங்கள். பங்கு என்றால் தொகையோ பின்னமோ எழுதுங்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும் பொருளானால், அடையாளமும் சேர்த்துச் சொல்லுங்கள். 'கறுப்பா, உருண்டையா இருக்குமே, அந்த மிளகு' என்றால் சாலையிலும் கிடைக்கும், சிங்கப்பூரிலும் கிடைக்கும். வயதானவர்களுக்கு மருந்து கொடுக்கும்போது 'வழக்கம் போல்' என்று சொல்லாமல், காலையில் எத்தனை, ராத்திரி எத்தனை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். தர்ப்பணமோ சிராத்தமோ எப்படிச் செய்ய வேண்டும் என்று வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குச் சொல்லும்போது, 'உனக்குத்தான் தெரியுமே' என்று விட்டுவிடாதீர்கள். அவனுக்குத் தெரியாது; கேட்கக் கூச்சப்படுகிறான்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரியவர்கள் சொல்வது புரியாவிட்டால் தலையாட்டிவிட்டுப் போகாதீர்கள். "இன்னொரு தரம் சொல்லுங்கோ" என்று கேட்பது அவமரியாதை இல்லை. 'ரெஸ்பெக்ட்' என்றால் திரும்பிப் பார்ப்பது என்று முன்பே சொன்னேன்.

பெர்ஸ்பிக்யுவஸ் என்ற அந்தக் கரடுமுரடான வார்த்தையை நீங்கள் மறந்துவிட்டாலும் பரவாயில்லை. ஸ்பஷ்டம் என்பது நம் வீட்டு வார்த்தை. அதை மறக்க வேண்டாம்.